ஓங்கல், இரண்டாம் பக்கம்

கடலாடி
4 பிப்ரவரி 2025

அருள்,

ஆமாம், அது என் குரல்தான். நம் கேசட்டின் இரண்டாம் பக்க முடிவில், எல்லோரும் ஓயப்போகிற நேரத்தில், ‘ஏலே, நிப்பாட்டாதீங்கடா, இன்னும் ஒரு சுத்து இருக்கு!’ என்று கத்துவது நான். இருபத்தெட்டு வருடம் கழித்து அதை மறுபடி வெளியிடப்போகிற ஹாம்பர்க் கம்பெனிக்காரர் ஒருவர் ஹெட்போன் மாட்டிக் கேட்டுவிட்டு, யார் இந்தப் பெண் என்று உன்னிடம் விசாரித்திருக்கிறார். நீ பாம்பனுக்கு வந்து ஆதிலிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

‘கச்சான் குழுவின் ஓங்கல் ஆல்பத்தில் விருந்தினர் குரல்: யுவராணி. இதில் எனக்கு வேறு உரிமை எதுவும் இல்லை.’ கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

ஆதில் வாசலில் பைக்கை நிறுத்தினான், இறங்கவில்லை. ‘அவன் குடுக்கச் சொன்னான், குடுத்துட்டேன். என்னையத் திட்டாத யுவா’ என்றான். திட்டவில்லை. டீ கொடுத்தேன். பாஸ் கிடாரால் தகரக் கூரையை நடுங்க வைத்தவன், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.

விருந்தினர்கள் அப்படிக் கத்துவதில்லை, அருள். தாளத்தை நடத்துகிறவர்தான் கத்துவார். இதை அந்த ஹாம்பர்க்காரரிடம் சொன்னாயா?

கேசட் அட்டையில் டிரம்ஸ் என்ற இடத்தில் காளிதாஸ் பெயர் இருக்கிறது. உன் அறைத் தோழன் காளிதாஸ் அன்றைக்கு மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். குச்சியைத் தொடவில்லை. அந்தப் பெயருக்கு நானும் சம்மதித்தேன், மறுக்கவில்லை. மதுரைக் கல்லூரியில் இருப்பதாக அய்யா நம்பிக்கொண்டிருந்த மகள், பாம்பன் ஐஸ் பிளாண்டில் பையன்களோடு உட்கார்ந்து டிரம்ஸ் அடிக்கிறாள் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்பது உனக்கும் தெரியும். ‘கல்யாணம் ஆகட்டும், அடுத்த பதிப்புல உன் பேருதான்’ என்றாய். யாருக்கு யாரோடு கல்யாணம் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

கேசட் தபாலில் வந்தது. நீ வரவில்லை.

அய்யா இறந்து பதினான்கு வருடம் ஆகிறது. இனி யாரிடமிருந்தும் ஒளிக்க வேண்டியதில்லை. டிரம்ஸ் யுவராணி என்று அச்சில் வர வேண்டும். இது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

தாள் கையெழுத்தில்லாமல் மேஜையில் இருக்கிறது. பதில் எழுது. போன் வேண்டாம். போனில் நீ நன்றாகப் பேசுவாய்.

யுவராணி


சென்னை
16 பிப்ரவரி 2025

அன்பு யுவா,

உன் கையெழுத்து அப்படியே இருக்கிறது. கோபமும். உறையைப் பார்த்ததும் ஒரு நிமிடம் இருபது வயதுக்குப் போய்விட்டேன். நலமா? பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுப்பதாக ஆதில் சொன்னான். பிள்ளைகள் பாவம்.

நீ எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் நீயே சம்மதித்ததும் உண்மை. அந்த வயதில் நாம் எடுத்த முடிவு அது, நான் மட்டும் எடுத்ததில்லை.

இங்கே என் நிலைமையைப் புரிந்துகொள். இந்தப் பக்கத்திலிருந்து வந்த ஆரம்பகால ஜாஸ்-ராக் ஆல்பம் என்று வெளிநாட்டில் ஓங்கலைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். முந்நூறு கேசட் போட்டோம். அதில் ஒன்று எப்படியோ அங்கே போயிருக்கிறது. ‘நான்கு பேர் இல்லை, ஒரு மிருகம் வாசிக்கிறது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காளிதாஸைப் பற்றித் தனிக் கதையே உண்டு. ஒரே ஆல்பத்துக்கு வாசித்துவிட்டுக் காணாமல் போன காட்டு மனிதனாம். துபாயில் ஏசி மாட்டிக்கொண்டிருக்கும் நம் காளிதாஸ் இதைப் படித்தால் ஏணியிலிருந்து விழுந்துவிடுவான். கம்பெனிக்கு அந்தக் கதை பிடித்திருக்கிறது. இப்போது போய் மாற்றிச் சொன்னால் நான் சொன்ன மற்றதையும் சந்தேகப்படுவார்கள்.

எல்லோரும் கேட்பது இரண்டாம் பக்கத்தைத்தான். பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்து முழுக் குழுவும் ஒரே உடம்பாகத் தளர்ந்து தளர்ந்து இறங்குகிறதே, அதை எப்படி அமைத்தீர்கள் என்று கேட்கிறார்கள். கடல் வற்றுவதைப் பார்த்து அமைத்தேன் என்று சொல்லிவருகிறேன். பெரிய பொய் இல்லை, யுவா. கடல் பக்கத்தில்தானே இருந்தது.

மே 10 சென்னையில் வெளியீடு. ஆதில், கீபோர்டுக்குக் கனி, நான். டிரம்ஸுக்குப் பெங்களூரிலிருந்து ஒருவர். நன்றிப் பட்டியலில் உன் பெயரை முதலில் போடுகிறேன், சத்தியமாக. கையெழுத்திட்டு அனுப்பிவிடு.

என்றும் உன்
அருள்முருகன்


கடலாடி
25 பிப்ரவரி 2025

அன்புள்ள அருள்,

கோபம் தீர்ந்தது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வுகள் முடிந்து, ஊசல்களையும் மின்சுற்றுப் பலகைகளையும் பீரோவில் அடுக்கி வைத்துவிட்டு, ஆய்வகத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சொன்னதை யோசித்தேன். பழையதைக் கிளறி என்ன ஆகப்போகிறது? கையெழுத்திட்ட தாள் உள்ளே இருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு ஆசை. கடல் கதையை வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது. ஆல்பத்தோடு வரும் சிறு புத்தகத்தில் நீயே எழுது. உனக்கு நன்றாக வரும். தேதி, நேரம், கடல் எப்படி இருந்தது, நீ எப்படி எண்ணினாய், எல்லாம் வேண்டும். அங்கே உள்ளவர்கள் இப்படி விவரமாக இருந்தால்தான் நம்புவார்கள். நாள் உனக்கு மறந்திருக்கும். 1997 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை. இரண்டாம் பக்கத்தைத் தொடங்கும்போது மாலை ஆறு மணி. உன் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஆம்ப் மேல் வைத்தாய், நான் பார்த்தேன்.

அன்றைக்கு ஐஸ் ஏற்ற வந்த கூத்தையா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாரே, நினைவிருக்கிறதா? ‘அட, அடிக்கிறது பொம்பளப் புள்ளையா! லாரி கவுந்துருச்சுன்னுல்ல ஓடியாந்தேன்’ என்றார். கனி சிரித்த சிரிப்பில் அந்த முறை பாழாகி, திரும்ப முதலிலிருந்து வாசித்தோம். இதைப் புத்தகத்தில் போட்டுவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். சர்க்கரை இருக்கிறதாமே, ஆதில் சொன்னான்.

அன்புடன்
யுவா


சென்னை
28 மார்ச் 2025

என் அன்பு யுவா,

உன் மனசு யாருக்கு வரும்! தாள் கிடைத்த அன்றே ஹாம்பர்க்குக்கு ஸ்கேன் எடுத்து அனுப்பினேன். நீ சொன்னபடியே எழுதினேன். அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. நடுப்பக்கத்தில் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். தமிழில் உனக்காக:

‘1997 ஆகஸ்ட் 11, மாலை ஆறு மணி. பாம்பனில் கடல் வற்றிக்கொண்டிருந்தது. நான் கரையில் நின்று ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே இருக்கும் நேரத்தை எண்ணினேன். அது நீண்டுகொண்டே போயிற்று. அந்த நீட்சியை அளந்து வந்து குழுவுக்குக் கொடுத்தேன். காளிதாஸ் அதை ஒரே முறையில் பிடித்துக்கொண்டான்.’

எப்படி? படிக்கும்போது எனக்கே அந்தக் கரையில் நின்றது நினைவுக்கு வருகிறது.

இரண்டாயிரம் பிரதி அச்சாகிவிட்டது. எல்.பி. தட்டு, கனமான அட்டை. ஒன்று உனக்கு அனுப்புகிறேன். மே 10 நீ கட்டாயம் வர வேண்டும். முதல் வரிசையில் உட்கார்ந்து கேள்.

பேரன்புடன்
அருள்


சென்னை
21 ஏப்ரல் 2025

யுவா,

வெட்கத்தோடு எழுதுகிறேன். ஒத்திகையில் இரண்டாம் பக்கம் வரவில்லை.

பெங்களூர்க்காரர் நல்ல கைக்காரர். நம் பதிவின் வேகத்தைக் கம்ப்யூட்டரில் அளந்து, அதே கணக்கில் காதுக்குள் டிக் டிக் ஓடவிட்டு வாசிக்கிறார். தப்பே இல்லை. பிணம் மாதிரி இருக்கிறது. கனி எழுந்து வெளியே போய்விட்டான். நேற்று அவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, ‘சார், ஒரிஜினல்ல இவரு எதையோ கேட்டுக்கிட்டே வாசிக்கிறாரு. அது என்னன்னு சொல்லுங்க, நான் வாசிச்சுடறேன்’ என்றார். ஆதிலைப் பார்த்தேன். ‘எனக்கு என்னடா தெரியும்? நான் அவ காலத்தான் பாத்துக்கிட்டு வாசிச்சேன்’ என்றான்.

நானும் அப்படித்தான். உன் வலது கால். பெடலை மிதித்த அந்தக் கால்.

நேற்று தனியாக உட்கார்ந்து கேசட்டைக் கேட்டேன். நம் மூன்று பேரையும் நீ இழுத்துக்கொண்டு போகிறாய். இத்தனை வருடமும் நான் என் கிடாரை மட்டும் கேட்டிருக்கிறேன்.

வந்து வாசி. டிரம்ஸ் யுவராணி என்று மேடையில் நானே சொல்கிறேன். காளிதாஸ் கதை பொய் என்றும் சொல்கிறேன். அடுத்த அச்சில் பெயரை மாற்றச் சொல்கிறேன். நீ கேட்டது இதுதானே? தாமதம்தான். ஆனால் தருகிறேன்.

ஒன்று மட்டும் சொல். எதைக் கேட்டு வாசித்தாய்?

அருள்


ராமநாதபுரம்
3 மே 2025

அருள்,

சுவரைக் கேட்டு வாசித்தேன்.

அமோனியா வாடை அடிக்கிறது என்று அந்தச் சுவரோரம் உட்கார உங்கள் மூன்று பேருக்கும் மனமில்லை. டிரம்ஸை அங்கே தள்ளினீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் பிளாண்டின் கம்ப்ரசர். ஆதிலுடைய மாமா இடத்தைச் சும்மா கொடுத்தார். ஆனால் கம்ப்ரசரை நிறுத்த மாட்டேன் என்றார். படகுகளுக்கு ஐஸ் வேண்டுமே. அந்தச் சத்தம் என் மைக் எல்லாவற்றிலும் விழுந்தது. நான் வேறு வேகத்தில் அடித்தால் இரண்டும் மோதிப் பதிவு குப்பையாகிவிடும். அதனால் அதன் வேகத்தையே என் வேகமாக வைத்துக்கொண்டேன். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரித்திருப்பீர்கள்.

ஆறு மணிக்குப் பாம்பன் முழுக்க விளக்கு எரியத் தொடங்கும். வோல்டேஜ் இறங்கும். பெல்ட் நழுவும். கம்ப்ரசர் தளரும். ரெக்கார்டருக்கு ஸ்டெபிலைசர் இருந்தது, அதற்கு இல்லை. அது தளர்ந்தபோது நானும் தளர்ந்தேன். நான் தளர்ந்தபோது நீங்கள். உன் புகழ்பெற்ற இறக்கம் இவ்வளவுதான். எல்லோரும் நின்ற பிறகும் டேப் நான்கு விநாடி ஓடுகிறது. அதில் கம்ப்ரசர் மட்டும் கேட்கும். ஹாம்பர்க்காரருக்குக் காது நன்றாக இருக்கிறது, அவரே கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொன்று. அன்றைக்கு வளர்பிறை எட்டாம் நாள். நீ கரையில் நின்று எண்ணியதாக எழுதிய ஆறு மணிக்குப் பாம்பனில் கடல் ஏறிக்கொண்டிருந்தது. கடல் ஏறி வற்றும் நேரங்களின் அட்டவணையை நான் பிப்ரவரி 24ஆம் தேதியே பார்த்துவிட்டேன். மறுநாள்தான் உனக்கு அந்த இனிப்பான கடிதத்தை எழுதினேன்.

ஆமாம், எழுத வைத்தேன். அப்போதே கம்பெனிக்கு எழுதியிருந்தால் இந்த அச்சிலேயே என் பெயர் வந்திருக்கும். தெரியும். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உன் பொய் தேதியோடும் நேரத்தோடும் கட்டம் கட்டி இரண்டாயிரம் பிரதியிலும் வரட்டும் என்று முடிவு செய்தேன். என் பெயரைவிட அது எனக்கு அதிகம் வேண்டியிருந்தது. இதில் பெருமை இல்லை. வருத்தம் வருமா என்று இரண்டு மாதம் பார்த்தேன். வரவில்லை.

நீ இப்போது தருவதாகச் சொல்கிறாய். பெங்களூர்க்காரர் சரியாக வாசித்திருந்தால் உன் ஏப்ரல் கடிதம் எனக்கு வந்திருக்காது. அந்தக் கடிதத்தில் உண்மை இருக்கிறது, அதையும் பார்த்தேன். உன் கிடாரை மட்டும் கேட்டாய் என்கிற வரி உண்மை. அதற்காக ஒரு நிமிடம் தயங்கினேன். ஒரு நிமிடம்தான்.

ஹாம்பர்க்குக்கு எழுதிவிட்டேன். கூடவே உன் கடிதங்களின் நகல், அந்த நாளின் கடல் அட்டவணை, ஆதில் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கம். ‘மே பத்துக்கு நான் போகமாட்டேன் யுவா. முட்டி வலின்னு சொல்லிக்கிறேன்’ என்றான். பாஸ் கிடாருக்கும் நீ ஆள் தேட வேண்டியிருக்கும். எனக்கு எந்த உரிமையும் வேண்டாம், அதைத்தான் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். யார் வாசித்தார் என்று சொல்வதற்கு அந்தத் தாளில் தடை இல்லை.

மே 10க்கு முன்னால் போய்ச் சேருமா, தெரியாது. பின்னால் சேர்ந்தாலும் சரி.

நான் வரமாட்டேன். இனி எழுதாதே.

யுவராணி

பி.கு. காலை ஏழரை பஸ்ஸில் ராமநாதபுரம் வந்து, தலைமைத் தபால் நிலையத்தில் ஹாம்பர்க் உறையை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். ரசீது வாங்கினேன். பிறகு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து உனக்கு இதை எழுதி, ஐந்து ரூபாய் தபால்தலை ஒட்டினேன்.