எட்டு முறை திறந்த கதவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. தொண்டையைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து நேரத்துக்கு விடுகிறாயா? உன்னைக் கேட்டால் விடுகிறேன் என்கிறாய். அம்மாவைக் கேட்டால், "அவளுக்கு எங்கடா நேரம்" என்கிறாள். இரண்டு பேரில் யாரை நம்புவது என்று தெரியாமல் இங்கே முழிக்கிறேன். உன் தையல் கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் சட்டைக்குக் காஜா எடுக்கப் பழகிவிட்டாளா? போன தடவை அவளைப் பற்றிப் பேசும்போது உன் குரலே சரியில்லை. திட்டாதே, பாவம்.

போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள், "சரிடா, விடு, சாப்பிட்டியா" என்று முடித்துவிடுவாய். இதை நீ பாதியில் முடிக்கக் கூடாது. இன்று செவ்வாய். வெள்ளிக்குள் உன் கைக்கு வந்துவிடும். அடுத்த திங்கட்கிழமை காலை நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நான் டைரக்டர். அதற்கு முன் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், ஒன்று சொல்ல வேண்டும். கேட்பதைவிடச் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கிறது. அதனால் மற்றதை முதலில் எழுதிவிடுகிறேன்.

சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம்தான் இது. ஆனால் சந்தோஷப்படுவதற்குக்கூடத் தெம்பு வேண்டும் போலிருக்கிறது. ஏழு வருஷம் அக்கா. இங்கே எந்தப் படக் கம்பெனி வாசலிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். பெயர், ஊர், போன் நம்பர், அப்புறம் 'யார் மூலம்' என்று ஒரு கட்டம். மற்ற கட்டங்களை எல்லாம் அழகாக நிரப்புவேன். இந்தக் கட்டம் காலியாக இருக்கும். வாட்ச்மேன் அதைத்தான் முதலில் பார்ப்பார். "யாராவது சொல்லிவிட்டு வாங்க சார்" என்பார். யார் சொல்லுவார்கள்? நம் குடும்பத்தில் சினிமாவுக்கு மிக அருகில் போனவர் அப்பாதான், அதுவும் தியேட்டரில் குடையைத் தொலைத்ததோடு சரி.

வயிற்றுப்பாட்டுக்கு டப்பிங் தியேட்டரில் கூட்டத்துக்குக் குரல் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அது இன்னும் ஓடுகிறது. பத்துப் பேர் ஒரு மைக்கைச் சுற்றி நின்று ஊரே கூடிய மாதிரி கத்த வேண்டும். போன வாரம் மட்டும் நான் கோர்ட்டில் முணுமுணுத்தேன், பஸ் எரிவதைப் பார்த்து அலறினேன், யாரோ ஒரு பணக்காரர் செத்ததற்கு மூன்று மணி நேரம் அழுதேன். நிஜமாக அழுதால் மைக்கில் நன்றாக வராதாம். சவுண்ட் இஞ்சினியர் சொன்னார். தொண்டை போனது அந்தச் சாவில்தான்.

மீதி நேரத்தில் கதை சொல்லப் போவேன். இங்கே எழுதிக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். நேரில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம், வசனம், சண்டை, பின்னணி இசை எல்லாவற்றையும் வாயாலேயே செய்து காட்ட வேண்டும். நானும் என் போலீஸ் கதையை நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களில் ஒருவர் தூங்கினார். ஒருவர் நகம் வெட்டினார். ஒருவர் முழுதாகக் கேட்டுவிட்டு, நல்ல குரல், விளம்பரத்துக்குப் பேசுகிறீர்களா என்றார். என் அறையில் இருக்கும் எடிட்டிங் உதவியாளனுக்கு அந்தக் கதை மனப்பாடம். தூக்கத்தில் எனக்கு முன்னால் அவன் வசனம் சொல்கிறான்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு கம்பெனிக்குப் போனேன். மூன்றாவது தடவை. அன்றைக்கு அலுத்துப்போய், அந்தக் கட்டத்தில் 'அக்கா' என்று எழுதிவிட்டேன். வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்து, எந்த அக்கா என்றார். என் கூடப்பிறந்த அக்காதான், அவள்தான் போய்ப் பாருடா என்று அனுப்பினாள் என்றேன். "எனக்கும் ஒருத்தி இருக்கா, போங்க" என்று கதவைத் தள்ளிவிட்டார். ஏழு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சிபாரிசு நீதான்.

உள்ளே தயாரிப்பாளர் ஒரு வயதான அம்மா. என் போலீஸ் கதையை அரை மணி நேரம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தம்பி, இதை நீங்களே நம்பலியே. வேற ஏதாவது இருக்கா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். ஆனால் எழுந்தால் மறுபடியும் அந்த மைக் முன்னால் போய் நின்று கத்த வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன். வாய் தானாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஒரு பெண் தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றிப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, மழையில் பஸ்ஸில் வருகிறாள் என்றேன்.

ஆமாம் அக்கா. உன் கதையைத்தான் சொன்னேன். அத்தான் வீட்டிலிருந்து நீ மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது, அதற்கு முன் இரண்டு தடவையும் அப்பா உன்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டது, உன் முழங்கைக் காயத்துக்கு நீ சொன்ன காரணம், எல்லாவற்றையும். உன்னைக் கேட்காமல் சொன்னேன். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். இவரும் தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். கடைசியில், அப்பா திறக்காதே என்கிறார், அந்தப் பெண் தட்டுகிறாள், தம்பி ஓடிப் போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறக்கிறான் என்றேன். அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். "இதைத்தான் எடுக்கிறோம்" என்றார்.

அதற்கப்புறம் நடிகையிடம், கேமராமேனிடம், விநியோகஸ்தரிடம் என்று அலைய விட்டார்கள். இதுவரை எட்டுத் தடவை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நான் எழுந்து நின்று, இல்லாத தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் திறந்து காட்ட வேண்டும். ஏசி அறையில் எட்டுத் தடவை திறந்துவிட்டேன். அந்த நடிகை அழுதார். விநியோகஸ்தர்கூடக் கைக்குட்டையைத் தேடினார். உண்மைக் கதையா என்று கேட்டதற்கு, இல்லை, கற்பனை என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமைக் காகிதத்திலும் அப்படித்தான் இருக்கிறது. இது முழுக்க என் சொந்தக் கற்பனை என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. உனக்கும் படம் வந்த பிறகுதான் தெரியும். எனக்குத்தான் பேனாவைத் தொட மனசு வரவில்லை.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

நீ மெஷினோடு வந்த அன்றைக்கு வீட்டில் யாரும் இல்லை, எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தோம் என்று அம்மா உன்னிடம் சொன்னாள். பதினாலு வருஷமாக அதுதான் நம் வீட்டுக் கணக்கில் உண்மை. அது பொய். அப்பா உள் அறையில் இருந்தார். அம்மா அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு, எதுவும் காதில் விழாத மாதிரி நின்றாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். மத்தியானம் மூன்று மணி. நீ மெஷினைப் படியில் வைத்த சத்தம் கேட்டது. அம்மா என்று இரண்டு தடவை கூப்பிட்டாய். அப்புறம், "டேய், உள்ள இருக்கியா" என்றாய். என் கை தாழ்ப்பாள் மேல்தான் இருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. குழந்தை இல்லை. அப்பா என்னை அடித்திருக்க மாட்டார், திட்டியிருப்பார், அவ்வளவுதான். அந்தத் திட்டுக்குப் பயந்து நான் திறக்கவில்லை. நீ போகிற வரைக்கும் கையை எடுக்கவும் இல்லை.

அப்புறம் நீயே அறை எடுத்து, கடை போட்டு, அப்பா போன பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் வைத்து, என்னையும் பஸ் ஏற்றி அனுப்பினாய். ஒரு நாளும் கேட்கவில்லை. உனக்குத் தெரியாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒன்றை நான் எந்த அறையிலும், யாரிடமும் சொன்னதில்லை. நீ போய் வெகு நேரம் கழித்துக் கதவைத் திறந்தேன். மழை படி வரைக்கும் அடித்திருந்தது. அன்று காலையில் வாசலில் கழற்றிப் போட்ட என் செருப்பு அங்கே இல்லை. நனையாமல் ஜன்னல் திட்டின் மேல் எடுத்து வைத்திருந்தது.

நான் உள்ளே இருந்தது உனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்து வைத்தாய்.

என்னால் இதற்கு மேல் சமாதானம் எழுத முடியவில்லை அக்கா. அன்றைக்குத் திறக்காதவன், உன்னை வைத்தே எட்டுப் பேருக்கு முன்னால் நல்ல தம்பியாக நடித்துக்கொண்டிருக்கிறேன். கதையைக் கொடுக்காதே என்று நீ சொன்னால் கொடுக்க மாட்டேன். கத்துகிற வேலை எப்போதும் இருக்கிறது. கொடு என்றால், அந்தத் தம்பி கதவைத் திறக்கவில்லை என்று மாற்றித்தான் கொடுப்பேன். அப்படியானால் வேண்டாம் என்று அந்தத் தயாரிப்பாளர் அம்மா சொல்லிவிடலாம். சொல்லட்டும். செருப்பை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

பதில் எழுத வேண்டாம், போனும் செய்ய வேண்டாம். சனிக்கிழமை பஸ் பிடித்து ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு உன் மாடி வீட்டுக்கு வருவேன். அம்மாவிடம் எழுந்து வர வேண்டாம் என்று சொல். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரே ஒரு தடவை தட்டுவேன். நீ திறக்காவிட்டால், வீட்டில் யாரும் இல்லை என்று எண்ணிக்கொண்டு திரும்பிப் போய்விடுவேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். மெஷினில் குனிந்தே உட்காராதே.

உன் காலடியில்,
தம்பி