ஏசி போட்டால் வரும் சத்தம்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கடையில் சிமெண்ட் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட வேண்டும்.

காரில் ஒரு சத்தம். டிக் டிக் டிக். இஞ்சின் பக்கமிருந்து. போன வாரம் வரை இல்லை. நேற்று வண்டியை எடுத்துப் போனது மச்சான் வேலு, என் மனைவி சுமதியின் தம்பி. ஆக்டிங் டிரைவர், யார் கூப்பிட்டாலும் போய் அவர்கள் வண்டியை ஓட்டுபவன். மாமனார், மாமியார், சுமதி மூவரையும் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக் கோயிலுக்குப் போய்வந்தான். கடையில் சரக்கு இறங்கியதால் நான் போகவில்லை.

மலையேற்றத்தில் கியரைப் போட்டு இழுத்திருப்பான். போனில் கேட்டேன். ஒண்ணும் பண்ணல மாமா, நல்லாத்தான் வந்துச்சு என்றான். குரலில் ஒரு இழுவை. எதையோ மறைக்கிறான். சு. ஏதோ சொல்ல வந்தாள், சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

நவ. 5, புதன்

மழை விட்டது. புழுக்கம். சத்தம் அப்படியே.

யூடியூப் பார்த்தேன். வால்வைத் தள்ளும் டேப்பட் தேய்ந்திருக்கும் என்கிறான் ஒருவன். ஆயில் கம்மி என்கிறான் இன்னொருவன். இஞ்சினே போச்சு என்கிறான் மூன்றாமவன். மூன்றாமவனை நம்பினேன். என் குணம் அப்படி. ஆயில் பார்த்தேன், சரியாகவே இருந்தது.

மதியம் ரைஸ் மில்காரர் கம்பி வாங்க வந்தார். வேலுவை மாதச் சம்பளத்துக்கு டிரைவராக வைத்துக்கொள்ளப் போகிறார். பையன் எப்படி என்று என்னிடம் கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"என் வண்டியக் குடுத்தேங்க. ஒரே நாள்ல இஞ்சினக் காலி பண்ணிட்டான்" என்றேன்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் குஷியாகத்தான் இருந்தது.

நவ. 6, வியாழன்

மெக்கானிக் அன்வர் பாய் ஷெட். போய் நிறுத்தினால் சத்தமே இல்லை. "இன்னா சார், சத்தத்த வூட்லயே வுட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றார்.

பிறகு கேள்வி மேல் கேள்வி. ஓடும்போது வருமா, நிற்கும்போது வருமா? ஆக்சிலேட்டரை மிதித்தால் டிக் டிக் வேகமாகுமா? யோசித்துப் பார்த்தேன். ஆகாது, எப்போதும் ஒரே மாதிரிதான். அப்படியென்றால் இஞ்சினுக்குள்ளே இல்லை என்றார். ஏசியைப் போடச் சொன்னார். போட்டேன். டிக் டிக் டிக். அணைத்தேன். நின்றது. ஏசி இல்லாமல் நான் வண்டி எடுப்பதே இல்லை. இன்று மட்டும், சத்தத்தை நன்றாகக் கேட்க வேண்டும் என்று அணைத்துவிட்டுப் போயிருந்தேன்.

ரேடியேட்டர் ஃபேன். ஏசி போட்டால் சுற்றும். டார்ச் அடித்து, கையை உள்ளே விட்டு, ஒரு கறுப்புக் கயிற்றை அறுத்து எடுத்தார். நுனியில் செப்புத் தாயத்து. முடிச்சு தளர்ந்து, தாயத்து ஃபேன் இறக்கையில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு சார் என்றார். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வீட்டில் கயிற்றைக் காட்டினேன். சு. கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மலைக்கோயிலில் மந்திரித்துக் கொடுத்ததாம். முன்கண்ணாடியில் கட்டினால் நான் கிண்டல் பண்ணி அறுத்துப் போடுவேன் என்று உள்ளே கட்டினாளாம். பானெட்டைத் தூக்கிப் பிடித்தது வேலுவாம்.

அவன் ஏன் சொல்லவில்லை?

"நான்தான் சொல்லாதடான்னேன்."

வண்டிக்கு அப்படி என்ன கண் பட்டுவிட்டது என்றேன்.

"வண்டிக்கு இல்லீங்க. நீங்க ஓட்டற ஓட்டுக்குத்தான். மலை வளைவுல செல்லு பேசிக்கினே திருப்புறீங்க. சொன்னா கோவம் ஜாஸ்தியாவுது. சாமிகிட்ட சொன்னேன்."



நவ. 7, வெள்ளி

செய்ய வேண்டியவை: மில்காரரிடம் உள்ளதைச் சொல்ல. வேலுவிடம் மன்னிப்பு. தார்ப்பாய்.

தார்ப்பாய் போட்டாச்சு.

நவ. 8, சனி

மில்லுக்குப் போனேன். பையன் மேல் தப்பில்லை, ஒரு கயிறு ஃபேனில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். மில்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னிக்கும் நீங்கதான் சொன்னீங்க. இன்னிக்கும் நீங்கதான் சொல்றீங்க. எத நம்பறதுங்க?"

திருக்கோவிலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் நேற்றே வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம். கயிறு யார் கட்டியது, எதற்கு என்று கேட்டார். வீட்டில் ஏதோ வேண்டுதல் என்றேன். அங்கேயும் முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கங்கெட்ட ஜென்மம்.

அங்கிருந்து மாமனார் வீடு. வேலு வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தான். வேலை போனது என்னால்தான் என்றேன்.

"தெரியும் மாமா. மில்லுல சொன்னாங்க."

என்றைக்குச் சொன்னார்கள்? புதன்கிழமையே. தெரிந்தும் அக்காவைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. சாப்பிட்டுப் போங்க என்றான்.

நவ. 9, ஞாயிறு

மேகமூட்டம். அறுத்த கயிற்றைக் குப்பையில் போடக் கூடாதாம், கோயிலிலேயே சேர்க்க வேண்டுமாம். நீ ஓட்டுடா என்று வேலுவைக் கூப்பிட்டேன். எந்த மூஞ்சியோடு கூப்பிட்டேனோ. வந்தான்.

நான் முன்சீட்டில். சு. பின்னால். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற்றம். ஏசி ஓடியது, சத்தமில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, எதிரே வருகிறவனுக்கு வழிவிட்டு, நிதானமாகத் திருப்பினான். எனக்கு ஒரு போன் வந்தது. எடுக்கவில்லை.

டீ குடிக்க நிறுத்தலாமா என்று கேட்கத் திரும்பினேன். சு. தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்து, கை இரண்டும் மடியில். கல்யாணமான நாளிலிருந்து இந்த ரோட்டில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. ஏறினதிலிருந்து இறங்கும்வரை கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்தபடிதான் வருவாள். அவள் பழக்கம் அது என்று நினைத்திருந்தேன்.