ஒற்றை மரம் தெரியாத நாட்கள்

மாசி 3, திங்கள்

காலை 7. வெப்பமானி: உலர் 66, ஈரம் 62. மழை இல்லை. மூடுபனி உண்டு: முகட்டு ஒற்றை மரம் வாசலிலிருந்து தெரியவில்லை. 'பார்த்தவர்' பத்தியில் என் ஒப்பம்.

மாசியில் இத்தனை மூடுபனி இந்த மலைக்கு வந்த பத்தொன்பது வருஷத்தில் கண்டதில்லை.

அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு வந்து சேர்ந்தது. உப்பு மறதி, வழக்கம்போல. சுமை தூக்கும் பாக் லேமான் நேற்றே ஏறி நடுவழிக் குடிசையில் படுத்திருந்து, நான் கணக்கெடுக்கும் நேரத்துக்கே வந்து நின்றார். சுமையை இறக்கியதும், "போர்டிக்சன் கடல் பளபளன்னு தெரியுதுலா, அய்யா. கப்பல்கூட ரெண்டு" என்றார்.

மூடுபனியில் கடல் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"காபுட்டா? எங்க காபுட்? இன்னிக்குக் கண்ணாடி மாதிரி இருக்குலா!"

வயசாகி மூளை கலங்கிவிட்டது உமக்கு என்று ஏசினேன். சிரித்தார். "துவான் காபுட் கோவிச்சுக்கிட்டாரு." கீழே தோட்டத்தில் எனக்கு அதுதான் பெயராம், மூடுபனித் துரை. வைத்தது தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாகத்தான் இருக்கும். மலையில் மூடுபனி இல்லை என்று போன வருஷமே என்னோடு வாதாடியவன். அடிவாரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு முகட்டைப் பற்றி என்ன தெரியும்?

பாக் லேமானுக்குக் கோப்பி கொடுக்காமல் அனுப்பினேன். தவறு. கொடுத்திருக்கலாம்.

மாசி 4, செவ்வாய்

உலர் 65, ஈரம் 61. மழை இல்லை.

மரம் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு சுவர்.

செல்லம்மா கோழிக்கூண்டைத் திறந்துகொண்டிருந்தாள். நேராகக் கேட்க வாய் வரவில்லை. ஒற்றை மரத்தில் கொப்பு ஏதும் முறிந்திருக்கிறதா பார் என்றேன்.

"முறியலியே. மேக்கால கொப்புல குரங்கு ரெண்டு உக்காந்து பேன் பாக்குது. ஏங்க?"

உள்ளே வந்துவிட்டேன். மூடுபனிப் பத்தியில் ஒன்றும் எழுதவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் வெற்றிடம்.

மாசி 5, புதன்

உலர் 66, ஈரம் 61. மூடுபனி: காலி.

வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். இடதில் பால். இடதைப் பொத்தினால் வலதில் வாய்வைத்து ஊதிய கண்ணாடி. விளக்கைச் சுற்றி வட்டம் விழுவது மண்ணெண்ணெயின் குற்றம் என்று கடைக்காரனுக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் என் கண்தான்.

கிட்டத்தில் எல்லாம் தெரிகிறது. எறும்பின் கால் தெரிகிறது. வெப்பமானியின் கோடு, என் கையெழுத்து, எல்லாம் சுத்தம். அதனால்தான் தெரியாமல் போயிற்று. கை நீட்டும் தூரத்துக்கு மேல் கலங்கல், நாற்பது கஜத்துக்கு அப்பால் உலகமே இல்லை. நான் அதை மூடுபனி என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. கருவாட்டில் புழு என்று சொல்லிவிட்டேன்.

மாசி 6, வியாழன்

ஓடையின் அளவுக்கோலைப் பார்க்கப் போனேன். இரண்டாவது வளைவில் வழி நடுவில் கறுப்பாக ஒன்று. உட்கார்ந்திருந்தது. போன மாதம் கீழ்த் தோட்டத்தில் புலி ஆட்டைக் கொண்டுபோனது நினைவுக்கு வந்தது. நின்றுவிட்டேன். அதுவும் அசையவில்லை. அட்டை ஏறியது, ஒன்று, இரண்டு, மூன்று. குனிந்து பிடுங்கப் பயம். மூத்திரம்கூட வந்துவிட்டது, யார் பார்க்கப்போகிறார்கள், எழுதிவைக்கிறேன்.

பின்னால் செல்லம்மாவின் குரல். "கட்டையப் பாத்துக்கிட்டு எதுக்குங்க நிக்கிறீங்க?"

விழுந்த மரத்தின் அடிக்கட்டை.

அவள் விறகுக்கு வரவில்லை. என் பின்னாலேயே வந்திருக்கிறாள். தினமும் வருகிறாளாம்.

"உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

"ரெண்டு வருசமா. சேவல்னு நெனச்சு என் சீலைய வெரட்டுனீங்களே, அன்னிலேருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கேக்குற ஆளா நீங்க? கடிச்சுக் கொதறியிருப்பீங்க."

வழி நெடுக அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன்.

இன்று புலியாகத் தெரிந்தது கட்டை. நாளைக்குக் கட்டையாகத் தெரிவது?

மாசி 7, வெள்ளி

மழை 0.04 அங்குலம். தபால் ஆள் வந்தான்.

இந்த ஆராய்ச்சி நிலையத்துத் துரையின் கடிதம். இவர் மூன்றாவது துரை, வந்து இரண்டு வருஷம். அகராதியை வைத்துக்கொண்டு நானே கற்ற இங்கிலீஷில் நாலு தடவை படித்தேன். இந்த மலையில் மூடுபனி நாட்கள் வருஷத்துக்கு வருஷம் ஏறுகின்றனவாம். பெரிய கண்டுபிடிப்பாம். அடிவாரக் காட்டை ரப்பருக்கு அழித்ததால்தானா என்று அறிக்கை எழுதுகிறாராம். புதன்கிழமை வேறொரு துரையோடு மேலே வருகிறார். காலை ஏழு மணிக் கணக்கை நான் எடுப்பதைக் கூட நின்று பார்க்க வேண்டுமாம். கடைசி வரியில், அறிக்கையில் என் பெயரை அச்சிடப்போவதாக இருக்கிறது.

முதல் துரையின் அச்சில் நான் 'ஒரு தமிழ்க் கூலி'. இரண்டாமவர் அச்சில் அதுவும் இல்லை. மழையை அளந்தேன். முந்நூறு மரத்துக்குத் தகர எண் அடித்து வருஷந்தோறும் சுற்றளவு எடுத்தேன். ஒன்று பிசகில்லை. அதற்கெல்லாம் பெயர் வரவில்லை. என் குருட்டுக்கு வருகிறது.

கடிதத்தை மடித்துப் பேரேட்டுக்குள் வைத்தேன்.

மாசி 8, சனி

உப்பு இன்னும் வரவில்லை.

பழைய பேரேடுகளை எடுத்து உட்கார்ந்தேன். எந்த நாள் நிஜ மூடுபனி, எந்த நாள் என் கண்? யாருக்குத் தெரியும் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு கண்டேன். வெப்பமானி இரண்டு: ஒன்று உலர்ந்தது, ஒன்றின் குமிழில் ஈரத்துணி. நிஜ மூடுபனியில் இரண்டும் ஒரே எண் காட்டும். காற்று காய்ந்திருந்தால் ஈரம் கீழே இறங்கும். நாலு பாகை வித்தியாசம் இருக்கும் நாளில் மூடுபனி இருக்கவே முடியாது. நான் வந்த புதிதில் முதல் துரை சொல்லித் தந்தது. இரண்டு பத்தியையும் தினமும் நானே எழுதினேன். ஒரு நாளும் சேர்த்துப் பார்க்கவில்லை. துரையும்தான் பார்க்கவில்லை. படித்தவர்.

பொய் நாட்களுக்குச் சிவப்பு வட்டம் போடத் தொடங்கினேன்.

மாசி 9, ஞாயிறு

வட்டம் முடிந்தது. மூன்று வருஷம். முதல் வருஷத்தில் அங்கொன்று இங்கொன்று. இந்த வருஷத் தாள்கள் அம்மை வார்த்த உடம்பு மாதிரி.

ஏறியது மூடுபனி அல்ல.

பயங்கள்:
வேலை போகும். இந்த வீடு நிலையத்தின் வீடு.
கீழே லயத்தில் கிராணியின் சிரிப்பு.
மரங்களின் கணக்கும் பொய் என்று எல்லாவற்றையும் தூக்கி எறிவார்கள். (இதுதான் பெரியது.)
இருட்டு.

பேரேட்டை அடுப்பில் வைத்துவிடலாம் என்று ஒரு நிமிஷம். ஆனால் மாதத் தாள்கள் எல்லாம் துரையிடம் போய்விட்டன. வைத்துப் பயனில்லை. பயன் இருந்தால் வைத்திருப்பேனா? தெரியவில்லை.

மாசி 10, திங்கள்

பாக் லேமான் உப்போடு வந்தார். கோப்பி கொடுத்தேன். "துவான் காபுட் இன்னிக்கு நல்லவராயிட்டாரு" என்றார். இன்னொரு குவளை ஊற்றினேன்.

செல்லம்மாவின் யோசனை. "தொர வந்து நிக்கையில நான் கொல்லையில நிப்பேன். மரம் தெரிஞ்சா கோழியக் கூப்புடுவேன். தெரியலேன்னா வாய மூடிக்கிட்டிருப்பேன். நீங்க பாட்டுக்குச் சொல்லிடுங்க."

"மூணு வருசத்துத் தாளு?"

"அதையெல்லாம் யாரு பாக்குறா? நீங்களே இப்பத்தானே பாத்தீங்க."

ஒப்புக்கொண்டேன்.

மாசி 11, செவ்வாய்

ஒத்திகை. நான் வாசலில், அவள் கொல்லையில். நன்றாகவே நடந்தது. கோழிகள்தான் தானியம் இல்லாமல் ஏமாந்தன.

மாலை துரைகள் இருவரும் வந்து விருந்தினர் அறையில் தங்கினார்கள். மற்றவர் என் கையைக் குலுக்கினார். மங்கலில் நீட்டிய கை எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

மாசி 12, புதன்

ஏழு மணி. துரைகள் வாசலில், என் இரு பக்கமும். பாக்கெட்டுப் புத்தகம் விரித்து. உலர் 66, ஈரம் 61 என்று படித்துச் சொன்னேன். சரி பார்த்துத் தலையாட்டினார்கள்.

"மரம்?" என்றார் துரை.

வெள்ளைச் சுவர். கொல்லையிலிருந்து, "பா, பா, பா, பா!"

தெரிகிறது துரை என்று ஒரு சொல். நாக்கில் இருந்தது. அவள் இன்னும் பலமாகக் கூப்பிட்டாள், குரல் உடைந்தது. கோழிகள் எல்லாம் ஓடிவந்து துரைகளின் பூட்ஸைச் சுற்றி நின்றுகொண்டன.

"எனக்குத் தெரியவில்லை" என்றேன். "மூன்று வருஷமாகத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிகிறது."

உள்ளே போய்ப் பேரேட்டைக் கொண்டுவந்தேன். சிவப்பு வட்டங்களையும் இரண்டு வெப்பமானியின் எண்களையும் விரல் வைத்துக் காட்டினேன். துரை படியில் உட்கார்ந்து வெகுநேரம் புரட்டினார். முகம் எப்படி இருந்தது என்று தெரியாது. என் கண்ணுக்கு முகம் இல்லை. மற்றவர் ஏதோ சொல்ல, இவர் கையைக் காட்டி நிறுத்தினார். அறிக்கை பாழாய்ப் போயிற்று என்று மட்டும் சொன்னார். என்னை ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன்.

மரங்களின் அளவெல்லாம் நாடா வைத்துக் கிட்டத்தில் எடுத்தவை, அவற்றில் கைவைக்க விடமாட்டேன் என்றேன். மறுபடி ஒருமுறை சொன்னேன்.

சனிக்கிழமை என்னைக் கீழே அழைத்துப் போவார்களாம். சிரம்பான் ஆஸ்பத்திரியில் கண்ணைக் கீறிப் புரையை எடுப்பார்களாம். கத்தி வருவதை முழித்துக்கொண்டே பார்க்க வேண்டுமாம், மற்றவர் சொன்னார்.

"நாளைக்கு யார் பார்ப்பது?" என்று துரை கேட்டார்.

நான் பேரேட்டை வாங்கி இன்றைய வரியை எழுதினேன். மழை இல்லை. மூடுபனி இல்லை. 'பார்த்தவர்' பத்தியில் செல்லம்மா என்று முழுதாக.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. "என்னங்க எழுதுனீங்க?"

"உன் பேரு."

"ஐயோ, அழிச்சிடுங்க."

அழிக்கவில்லை.