இரண்டாவது கேள்வி

1993 ஜூலை 12, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை மாடியில் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். இராஜபாளையத்தில் கம்பெனிக்குக் கம்பெனி கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். அது என்ன செய்யும் என்று தெரியாமல் இனி நான் பேப்பருக்குச் செய்தி எழுத முடியாது. வயது ஐம்பத்தாறு. மற்றவர்கள் எல்லாம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள். வாத்தியார் சோலைராஜுக்கு இருபத்தைந்து இருந்தால் அதிகம். "சார், இந்த வயசுல இதத் தொட்டா ஷாக் அடிக்கும்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அது தவறு; இனி தினமும் சிரிப்பார்கள்.

ஜூலை 19

இன்று 'இஃப்': 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று மெஷினுக்குச் சொல்லும் வரி.

"தியேட்டர் வாசல்ல ஒருத்தன் நிக்கான். டிக்கெட் இல்லன்னா வெளிய தள்ளு, இது மொதக் கேள்வி. மொதலாளி வீட்டு ஆளா, உள்ள விடு, இது ரெண்டாவது. மொதலாளி மாமியா டிக்கெட் இல்லாம வாரா. என்ன ஆகும்?"

உள்ளே விடுவான் என்றேன்.

"தள்ளிருவான் சார். மொதக் கேள்வியிலயே தெருவுக்குப் போயிட்டா, ரெண்டாவத யாருட்ட கேக்க?"

"மாமியா கோவிச்சுக்கிட்டா?" என்றான் ஒரு பையன்.

"ஏலே, மெஷினுக்கு மாமியா கெடையாதுலே."

எந்தக் கேள்வி முதலில் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஜூலை 23

ஆடிப்பூரத் தேர். வகுப்பு இல்லை.

ஆகஸ்ட் 2

எதிர்வீட்டுப் பரிபூரணம் தேவதானத்தில் அம்மா வீட்டில் பிரசவம் முடிந்து, கைக்குழந்தையோடு போன வாரம் திரும்பினாள். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மடிப்பு வேலை. புருஷன் தவசிமுத்து லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறான். அடுப்பு எரிவது அவள் கூலியில்தான். இன்று அவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"சொல்லிட்டுத்தான அண்ணாச்சி லீவுல போனேன். சூப்பர்வைசரு சரின்னாரு. இப்பப் போயி நின்னா, 'கம்ப்யூட்டரு ஒம்பேர எடுத்துட்டு, நான் என்னட்டி செய்ய'ங்காரு. சிரிச்சுக்கிட்டே சொல்லுதாரு."

ஆகஸ்ட் 4

அந்தக் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் சோலைராஜ். அதையே இன்று வகுப்பில் பெருமையாகப் போட்டுக் காட்டினார். நாற்பதாம் வரி: லீவு முப்பது நாளைத் தாண்டினால் நீக்கு. ஐம்பதாம் வரி: பிரசவ லீவு என்றால் வைத்துக்கொள்.

ஐம்பதாம் வரிக்கு எந்தத் தாயும் வந்து சேரமாட்டாள். நாற்பதிலேயே தெருவுக்குப் போய்விடுவாள்.

வகுப்பு முடிந்ததும் சொன்னேன். திரையில் அந்த இரண்டு வரியையும் விரல் வைத்துப் படித்தார். "ஆமா சார். மாத்திப் போட்டுட்டேன்." இரண்டு வரியையும் இடம் மாற்றினால் போதும்தானே என்றேன். "மொதலாளிட்டப் போயி, நாந்தான் தப்புப் பண்ணுனேன்னு சொல்லச் சொல்லுதீகளா?"

ஆகஸ்ட் 6

முதலாளி ஐயாதுரையைப் பார்த்தேன். காபி வரவழைத்தார். வரிசை மாறிய கதையை முழுக்கக் கேட்டார்.

"இப்படி ஒரு தப்பு இருக்கிறது எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு பாருங்க. முன்னெல்லாம் பிள்ளத்தாச்சி ஒருத்திய நிப்பாட்டினா பத்துப் பேரு வாசல்ல உக்காருவாக. இப்ப மெஷின் சொல்லிட்டுன்னதும், அழுதுட்டு அவுகளாப் போயிட்டாக. எம்புட்டு நிம்மதி!"

காபி நன்றாக இருந்தது. குடித்துவிட்டு வந்தேன். ஏன் குடித்தேன்?

ஆகஸ்ட் 9

செய்தி வந்துவிட்டது. உள்பக்கம், இரண்டு பத்தி. கம்பெனி பெயரை மதுரைப் பேப்பர் ஆபீசில் வெட்டிவிட்டார்கள். பரிபூரணத்தின் பெயர் இருக்கிறது, அவள் சம்மதத்தோடுதான். தவசிமுத்துவுக்கு வாசித்துக் காட்டினாளாம். அடுத்த திங்கட்கிழமைக்குள் வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று சேலையைத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 16

பிழை திருத்தப்பட்டது.

வரிகளை இடம் மாற்றவில்லை. இரண்டையும் அழித்துவிட்டார்கள். சோலைராஜே சொன்னார்: "இப்ப ஒரே கேள்விதான் சார். கல்யாணம் ஆயிட்டா? ஆயிட்டுன்னா எடுத்துரு. பிரசவமும் இல்ல, லீவும் இல்ல, பேப்பர்லயும் வராது. நீங்க எழுதின பொறவுதான் மொதலாளிக்கு இந்த யோசனையே வந்துச்சு."

சட்டம்? எல்லோருமே டெம்பரவரி, வழக்கு நிற்காது என்கிறார் லேபர் வக்கீல்.

சாயங்காலம் வேலை போன பெண்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பேசியது சீனியம்மாள் மட்டும். பிள்ளை குட்டி பெரிதாகி, வருடக்கணக்கில் ஒரு லீவும் போடாதவள்.

"பேனா இருக்குங்கிறதுக்காக எங்க அடிவயித்துல எழுதிட்டீரேய்யா."

சரியான செய்திதான். ஒரு வரி தப்பில்லை. நானே மூன்று முறை சரிபார்த்தேன்— அதை அவளிடம் எப்படிச் சொல்ல?

ஆகஸ்ட் 17

வகுப்புக்குப் போகவில்லை.

செப்டம்பர் 6

பக்கத்துக் கம்பெனிகளும் சோலைராஜிடம் அதே புரோகிராமை வாங்குகின்றன. ஸ்கூட்டர் எடுத்திருக்கிறார். வழியில் நிறுத்தி, "ஏறுங்க சார், வீட்டுல விடுதேன்" என்றார். நடந்தே வந்தேன்.

அக்டோபர் 4, திங்கள்

காலையில் சத்திரப்பட்டி பஸ்ஸுக்கு நின்றேன். டீக்கடைக்குப் பின்னால் ஒரு பெண், பாவாடை தாவணியில், முதுகு காட்டி நின்று கழுத்திலிருந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தாள். திரும்பினாள். பரிபூரணம்.

தாலியைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகினாள். சங்கிலி கிடந்த தடம் கழுத்தில் வெளுத்துத் தெரிந்தது. மார்பில் பால் கசிந்து நனைந்திருந்தது. தாவணியை இழுத்து மூடினாள்.

"வேற கம்பெனி அண்ணாச்சி. கல்யாணம் ஆகலைன்னு சொல்லியிருக்கேன்."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"இதையும் எழுதிராதீக."