எழுநூறு கிராம்

என் வீட்டுக்காரிக்கு,

சிங்கம் பார்க்கக் காட்டுக்குப் போகும் குட்டி விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோ சாமான்தான். உன்னோடு வரும் தங்கையின் கோல்ஃப் மட்டைகள் ஓட்டலிலேயே இருக்கட்டும். ஜீப்பில் காலையில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

போன தடவை நாம் போனபோது, பைனாகுலரை மறந்துவிட்டதாக வழியெல்லாம் உன்னையே திட்டிக்கொண்டாய். சிங்கம் வந்தபோது, "தூரத்துல என்னமோ அசையுதுங்க, அதுவே போதும்" என்று சிரித்தாய்.

நீ மறக்கவில்லை. என் கோல்ஃப் ஷூவுக்கு இடம் வேண்டுமென்று நான்தான் அதை உன் பையிலிருந்து எடுத்து அலமாரியில் ஒளித்துவைத்தேன். அந்த ஷூ போட்டு ஆடிய ஆட்டத்திலும் தோற்றேன். ஐந்து வருடமாக வாயே திறக்கவில்லை.

இந்தத் தடவை என்னைக் கூப்பிடாமல் கிளம்புகிறாய். நியாயம்தான்.

இந்தக் கடிதத்தை பைனாகுலர் உறைக்குள்தான் வைக்கிறேன். நேற்றுதான் பைனாகுலரை நிறுத்துப் பார்த்தேன். வெறும் எழுநூறு கிராம்.

உன் வீட்டுக்காரன்