உன் தம்பிக்கு ஒரு சாவி

வீட்டுக்காரிக்கு,

பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். மேசைமேல் இருக்கும் புதுச் சாவி நம் வாசல் கதவுடையது. அதை உன் தம்பியிடம் கொடுத்துவிடு. “நினைச்சப்ப வந்து போக இது என்ன சத்திரமா?” என்று நேற்று அவனை விரட்டியது இந்த வாய்தானே!

சாவியை நாலு தடவை அராவிய பிறகுதான் பூட்டு திறந்தது. சாவிக்காரனான என்னையே ஆண்டவர் இருபது வருடமாக அராவுகிறார். இன்னும் தூக்கி எறியவில்லை. ராத்திரி நீ பேசாமல் திரும்பிப் படுத்தாயே, அதுவும் அவர் கையிலுள்ள அரம்தான். நல்ல கூர்மை. அவருக்கு ஸ்தோத்திரம், உனக்கு நன்றி.

பி.கு.: மேசையில் சாவியைத் தேடாதே. நீ கொடுத்தால் எனக்கு அழகில்லை. கடைக்குப் போகிற வழியில் நானே அவனிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்கிறேன். மத்தியானம் மூன்று பேருக்குச் சமைத்து வை. கதவை நீ திறக்காதே, அவனே திறக்கட்டும்.