வலப்பக்கத்துக்கு மட்டும் பூசிய மருந்து

என் பாசமுள்ள செல்லத்தாய் அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. பசுவந்தனையில் உன் பருத்தி வெடிக்கத் தொடங்கிவிட்டது. உன் மூத்த மகன் செல்போன் வாங்கியிருக்கிறான். சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்று ஊருக்கே கேட்கும்படி கத்துகிறான். ஆனால் நான் எழுத வந்தது உன் பல்லைப் பற்றி.

கோவில்பட்டியில் நான் வேலை பார்க்கும் பல் டாக்டருக்கு ஒரு சந்தேகம் இருந்ததே, ஞாபகமிருக்கிறதா? ப்ளூரைடு மருந்து பூசினால் ஆடுகிற பல் கெட்டிப்படுமா என்று. பல் ஆடுகிற சிலரை மாதாமாதம் வரச் சொன்னார். உன்னை நான்தான் கூட்டிப்போனேன். கீழ்வரிசையில் வலப்பக்கம் மருந்து, இடப்பக்கம் வெறும் தண்ணீர். அரைமணி நேரம் நாக்குப் படக்கூடாது. அடுத்த மாதம் அவர் இரு பக்கத்துப் பல்லையும் அசைத்துப் பார்த்துச் சொல்ல, நான் அட்டையில் எழுதுவேன்.

முதல் நாள் திரும்பும் பஸ்ஸில் நீ சொன்னாய்: "ஏலே, இது என்ன, ஒரு கண்ணுக்கு வெண்ணெய் ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு? நாக்கால தடவி அந்தப் பக்கத்துக்கும் குடுத்துட்டேன்."

"ஐயோ அக்கா, எல்லாம் கெட்டுப்போகும்!"

"அதுவும் என் பல்லுதானலே. டாக்டர்கிட்ட சொல்லிராத, வருத்தப்படுவாவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமும் செய்து கொடுத்தேன். மாதாமாதம் நீ தடவினாய், நான் எழுதினேன்.

உனக்கு வாய்க்கரிசி போடும்போது என் கண் அரிசியில் இல்லை. கீழ்ப்பல் அத்தனையும் இருந்தது. ஒரு தடவை அசைத்துப் பார்க்கலாமா என்று விரல் குறுகுறுத்தது. அந்த நேரத்தில் அப்படித் தோன்றுமா? நான் என்ன மனுஷன்! ஆனாலும் தெரிந்துகொள்ள ஆசை, அக்கா. மருந்துதான் பிடித்து நிறுத்தியதா? இல்லை, டாக்டர் சொன்னபடி தினமும் ஒழுங்காகப் பல் தேய்த்தாயே, அதுவா?

போன வாரம் டாக்டர் அட்டைகளை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. மருந்தால பிரயோஜனம் இல்லன்னு எழுதப்போறேன்" என்றார். உன்னைப்போல் இன்னும் எத்தனை பேர் மருந்தை இரண்டு பக்கத்துக்கும் பங்கு வைத்தார்களோ? அவர்களைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் உன் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ஒருவேளை நல்ல மருந்து ஒன்று நம்மால் குப்பைக்குப் போகும்.

ஆகையால் உனக்குச் செய்த சத்தியத்தை நாளைக் காலை மீறப்போகிறேன். அவர் திட்டட்டும், வேலையை விட்டே அனுப்பட்டும். தெரிந்தே எழுதியவன் நான்தான் என்று சொல்வேன். உன்னை ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்த தம்பி,
முருகேசன்